ஏழாவது விலா

உடுமலைப்பேட்டை
2.2.2025

அன்புத் தங்கை புவனாவுக்கு, அண்ணன் சென்னகிருஷ்ணன் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை கணபதிக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் கேட்கலாம் என்றால், பேசினால் இருமல் வருகிறது என்று வைத்துவிடுகிறாய். வருவது இருமலா, பக்கத்தில் ஆளா என்று எனக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டால் மாப்பிள்ளை பார்ப்பார். அதனால்தான் கோயமுத்தூர்க் கடைகளுக்குத் தேங்காய் ஏற்றிவரும் நம் வேனில், உன் கீழ்வீட்டு நஃபீசா பெயர் போட்ட மூட்டைக்குள் இதை வைத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மாப்பிள்ளை சுரேந்தர் உன்னை அடித்தாரா?

சிரிக்காதே. நான் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன். சோபாவில் இடது விலாவைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், அவர் பட்டறையிலிருந்து வந்து உள்ளே நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டாய். அவர் தண்ணீர் டம்ளரை நீட்டியபோது உன் தோள் பின்னால் போனது. திரும்பும் வழியில் சென்னைக்குப் போன் போட்டு உன் மகன் ரவிதேஜாவை விசாரித்தேன். "அம்மாவுக்கு விலா எலும்பு விரிஞ்சிருக்குதுங்க மாமா, இருமி இருமி" என்றான். இருமினால் எலும்பு விரியும் என்று இந்த ஐம்பத்தைந்து வயதில் நான் கேள்விப்பட்டதில்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்பவன் நான். என்னிடம் இந்தக் கதை வேண்டாம்.

சித்திரையில் ரவிதேஜாவுக்கும் என் மகள் ஹாரிகாவுக்கும் நிச்சயம் என்று பேசி வைத்திருக்கிறோம். பெண்டாட்டியை அடிக்கிற வீட்டுக்கு என் பெண்ணை அனுப்ப மாட்டேன். அப்பனைப் பார்த்துத்தானே மகன் வளர்ந்திருப்பான். உண்மையை எழுது. காரை எடுத்துக்கொண்டு வந்து உன்னை அழைத்துப்போகிறேன்.

இப்படிக்கு,
அண்ணன்

---

கணபதி, கோயமுத்தூர்
6.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிழிக்கவில்லை. கிழித்து மறைக்க இந்த வீட்டில் ஒன்றும் இல்லை. சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள், அந்த இடத்தில்தான் சிரித்தேன். சிரித்ததற்கு அரை மணி நேரம் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். டிசம்பர் கடைசியில் காய்ச்சல் வந்தது. இந்தத் தெருவில் பாதிப்பேருக்கு வந்த அதே வைரஸ் காய்ச்சல்தான். ஐந்து நாளில் காய்ச்சல் போய்விட்டது, இருமல் போகவில்லை. ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஒரு இருமல் வந்தது பாருங்கள், இடது பக்கம் உள்ளே ஏதோ சொடுக்கியது. அதிலிருந்து மூச்சை இழுத்தால் வலி, புரண்டு படுத்தால் வலி. தும்மல் வரும்போல இருந்தாலே பயம். நெஞ்சின் நடுவிலும் வலித்ததால் இருதயம்தான் என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கு இவர் பம்ப்செட் பாகங்கள் கொடுக்க ஓசூர் போயிருந்தார். நஃபீசாதான் தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு என்னை ஆட்டோவில் ஏற்றினாள். இசிஜி நன்றாக இருந்தது. மறுநாள் இவர் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்ததில்தான் ஏழாவது விலாவில் மயிரிழை மாதிரி விரிசல் தெரிந்தது. நெஞ்செலும்பில் விலாக்கள் வந்து சேரும் இடத்திலும் வீக்கமாம். நாள்கணக்கில் இருமினால் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று டாக்டரம்மா சொன்னார்.

உங்கள் கேள்வியை அந்த அம்மாவே கேட்டுவிட்டார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்" என்று இவரை அனுப்பிவிட்டு, "ஊட்ல யாராச்சும் அடிச்சாங்களா? பயப்படாம சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். உங்களுக்கும் அதே பதில்தான்.

இவரைக் கண்டதும் நான் வாயை மூடியது உண்மை. பட்டறைச் சட்டையிலிருந்து வரும் ஆயில் வாசம் பட்டால் எனக்கு இருமல் கிளம்பிவிடும். தோள் பின்னால் போனது, கையை நீட்டினால் விலா இழுப்பதால். இவ்வளவுதான் உங்கள் துப்பறிதல்.

நாக்கில் "வதினா" என்றுதான் வருகிறது, எழுதும்போது அண்ணி என்று போடுகிறேன். நம் வீட்டுத் தெலுங்கு பேச்சோடு நின்றுவிட்டதே. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

புவனா

---

உடுமலைப்பேட்டை
11.2.2025

புவனாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதில் எல்லாம் வரிசையாக, முன்கூட்டியே யோசித்து வைத்ததுபோல இருக்கிறது. அடி வாங்கிய பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள். ஒன்று இருமல் என்பார்கள், இல்லை குளியலறையில் வழுக்கிவிட்டது என்பார்கள்.

ஓசூர் போனதாக எழுதியிருக்கிறாய். எலும்பு விரிந்த அன்றைக்கே ஒரு ஆள் ஊரில் இல்லாமல் போவது எவ்வளவு வசதி! இன்னொன்று. டாக்டர் வெளியே இருக்கச் சொன்னதும் ஏன் போனார்? தப்புச் செய்யாதவனாக இருந்தால், "ஏன் போகணும்? எம் பொண்டாட்டிதானே, எம் முன்னாலயே கேளுங்க" என்று நின்றிருப்பான். இவர் சத்தமில்லாமல் நழுவியிருக்கிறார். இதிலேயே பாதி தெரிந்துவிட்டது எனக்கு.

விலா அடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதே. முதல் வாரம் வலி கம்மியாகத்தான் தெரியும், இரண்டாவது வாரம்தான் உயிரை எடுக்கும். கட்டுப் போட மாட்டார்கள். படுத்தால் எழ முடியாது, கட்டில் காலில் புடவையைக் கட்டி அதைப் பிடித்து எழவேண்டும். தலை பின்ன கையைத் தூக்க முடியாது. ஆறு வாரம் ஆகும், மழைக்காலத்தில் திரும்ப வலிக்கும். நீ சொன்னதில் எது வலி, எது கதை என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

இருபது காய் அனுப்பியிருக்கிறேன். நஃபீசாவுக்கும் கொடு. அவளிடம் தனியாகப் பேசவேண்டும், நம்பரை எழுதி அனுப்பு.

அண்ணன்

---

கணபதி
17.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

காய் வந்தது. நஃபீசாவின் நம்பரை நான் அனுப்புவதாக இல்லை. உங்கள் விசாரணை விஷயத்தை அவளிடம் சொன்னேன். "உங்க அண்ணன் வந்தா உக்காரவெச்சு அந்த ஒன்றரை மாச இருமலைக் கேக்க விடோணும் அக்கா. என்ற ஊட்டுக்காரரு காதுல பஞ்சு வெச்சுத்தானுங்க தூங்குனாரு" என்றாள்.

மூட்டைக்குள் அடியில் ஒரு குட்டித் தலையணையும் இருந்தது. பழைய இலவம்பஞ்சுத் தலையணை, நடுவில் அமுங்கிப்போனது. நீல உறையில் ஒரு துண்டுத்தாள் செருகியிருந்தது. அண்ணியின் கையெழுத்து. "இருமல் வரும்போது இதை விலாவோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள். வலி பாதியாகும்." செய்து பார்த்தேன், பாதியாகத்தான் ஆனது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவும் இதையேதான் சொன்னார். அண்ணிக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

அண்ணா, இந்த வரியை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கட்டில் காலில் புடவை கட்டி எழுவது உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே அந்த யோசனை வரவில்லை.

ஹாரிகா வயசுக்கு வந்து சீர் வைத்தபோது, பன்னிரண்டு வருடம் இருக்கும், அண்ணி தட்டைத் தூக்கவில்லை. நான்தான் தூக்கினேன். அண்ணிக்குத் தலை பின்னிவிட்டதும் நான்தான். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்கள். நான் மறுகேள்வி கேட்கவில்லை. இப்போது ஏனோ அது ஞாபகம் வருகிறது.

வலி மாத்திரை போட்டால் தலை கிறுகிறுக்கிறது. தப்பாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

புவனா

---

உடுமலைப்பேட்டை
20.2.2025

புவனா,

தலையணையை நான் வைக்கவில்லை. அவள் ஏன் எனக்குத் தெரியாமல் வைத்தாள் என்று அவளையே கேட்டேன். "காய்க்கு மெத்தையா இருக்கட்டும்னு வெச்சேனுங்க" என்றாள். நல்ல பதில்.

நீ பேச்சை மாற்றுகிறாய். உன் வீட்டைப் பற்றிக் கேட்டால் என் வீட்டைப் பற்றி எழுதுகிறாய். இது உன் புத்தி இல்லை, யாரோ சொல்லிக்கொடுத்த புத்தி. என் கடிதங்களை அவரும் படிக்கிறாரா?

இனி எழுதிப் பயனில்லை. அன்னூர்ப் பக்கம் நம் எல்லம்மா கோவிலுக்கு மாப்பிள்ளையை வரச் சொல். நம் சனத்தில் வழக்கம் எதுவோ அதன்படி நடக்கட்டும். அம்மன் முன்னால் சூடம் ஏற்றி வைக்கிறேன். "என் பெண்டாட்டி மேல் கை வைத்ததில்லை" என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்யட்டும். பொய்ச்சத்தியம் செய்தவனை அவள் சும்மா விட மாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். அணைத்தால் நிச்சயம் நடக்கும். அணைக்காவிட்டால் ஹாரிகாவுக்கு வேறு இடம் பார்க்கிறேன், உன்னையும் அன்றே அழைத்துப்போகிறேன்.

மார்ச் 21, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி.

சென்னகிருஷ்ணன்

---

கணபதி
26.2.2025

அண்ணாவுக்கு,

இவரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். முந்தைய கடிதங்களைக் கொடுக்கவில்லை, இது ஒன்றைத்தான் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தார். இருபத்தெட்டு வருடம் உங்களை அண்ணன் ஸ்தானத்தில் வைத்துப் பார்த்த மனுஷன். "ஒரு சூடத்துல உங்க அண்ணனுக்கு நிம்மதி வருதுன்னா அணைச்சுப்போட்டு வந்தர்லாம் உடு" என்றார். பிறகு பட்டறைக்குப் போனவர் மத்தியானம் சாப்பிட வரவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. உங்கள் மேல் கோபமாகவும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

வருகிறோம். ஒரே ஒரு நிபந்தனை. அண்ணியையும் அழைத்து வாருங்கள். அண்ணிக்குப் போன் போட்டால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். நீங்கள் என் வீட்டைப் பற்றிச் சந்தேகப்பட்ட அதே காரணம்தான், வேறொன்றும் இல்லை.

மூச்சை முக்கால்வாசி இழுக்க முடிகிறது இப்போது.

புவனா

---

உடுமலைப்பேட்டை
26.3.2025

புவனாவுக்கு,

கோவிலிலிருந்து கிளம்பும்போது உன் அண்ணி ரங்கநாயகி உங்கள் காரில் ஏறிக்கொண்டாள். உடம்பு சரியில்லாத உனக்கு ஒத்தாசையாக இரண்டு நாள் இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. போன் எடுக்க மாட்டேன் என்கிறாள். சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறேன், அது வாயில் வைக்கிறமாதிரி இல்லை. வேன்காரன்கூட "அம்மா எப்பங்க வருவாங்க" என்று கேட்கிறான்.

மாப்பிள்ளை சூடத்தை அணைத்துவிட்டார். எனக்குத் திருப்தி. இருமல்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். நிச்சயத்துக்கு நாள் குறிக்கலாம். அதற்கு ரங்கநாயகி இங்கே இருந்தாகவேண்டும். நாளை வேன் வரும், அனுப்பிவை. நீ அவளிடம் என்ன ஓதினாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

அண்ணன்

---

கணபதி
29.3.2025

அண்ணாவுக்கு,

வேனைக் காலியாகத் திருப்பி அனுப்பினேன்.

நான் எதுவும் ஓதவில்லை. கோவிலுக்கு வரும்வரை அண்ணியிடம் ஒரு வார்த்தை பேச நீங்கள் எங்கே விட்டீர்கள்? அன்றைக்கு நடந்ததை நீங்கள் மறந்ததுபோல எழுதியிருப்பதால் ஞாபகப்படுத்துகிறேன். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், கேட்டதைச் சொன்னார், அணைத்தார். உள்ளங்கையில் கரி படிந்தது. அதை வேட்டியில்கூடத் துடைக்காமல் நின்றார். அத்தோடு முடிந்தது என்று நீங்கள் பூசாரிக்குத் தட்சணை எடுக்கத் திரும்பினீர்கள்.

அப்போதுதான் அண்ணி தட்டில் மிச்சமிருந்த சூடத்தை எடுத்து வைத்து, அவரே ஏற்றி, உங்கள் முன்னால் நீட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. "நீங்களும் அணைச்சிருங்க. மாப்பிள்ளை சொன்ன அதே வார்த்தையச் சொல்லிப்போட்டு" என்றார். அந்தத் தட்டு கொஞ்சம்கூட ஆடவில்லை, அண்ணா. நீங்கள் சட்டைப்பையில் கார் சாவியைத் தேடினீர்கள். வெயில் ஏறிவிட்டது, போகலாம் என்றீர்கள். சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் அண்ணி வந்து எங்கள் காரில் ஏறினார்.

ஒரு இருமலைக் கேட்டுவிட்டு, அது அடிதான் என்று அத்தனை உறுதியாக உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று இரண்டு மாதமாகக் குழம்பினேன். இப்போது குழப்பம் இல்லை. உங்களை நினைத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. என்னைத் தோளில் வைத்து எல்லம்மா தேர் காட்டியவர் நீங்கள். ஆனால் என்னை நினைத்தால் அதைவிட வெட்கமாக இருக்கிறது. எனக்கு வலித்ததும் நீங்கள் ஓடிவந்து கேட்டீர்கள், தப்பான ஆளைச் சந்தேகப்பட்டாலும் கேட்டீர்கள். அண்ணிக்குத் தலை பின்னிவிட்ட அன்று, கையைத் தூக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தும் நான் கேட்கவில்லை. என் அண்ணன் என்பதால் சந்தேகமே வரவில்லை.

அண்ணி இங்கேதான் இருப்பார். நிச்சயத்துக்கு இப்போது நாள் குறிக்கவேண்டாம்.

புவனா

---

உடுமலைப்பேட்டை
8.4.2025

புவனாவுக்கு,

பத்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். நான்கு தாள் வீணானது. ஒன்றில், ஒரே ஒரு தடவைதான் என்று எழுதினேன். கிழித்துவிட்டேன். ஒரு தடவை இல்லை.

பீரோ மேல்தட்டில் பழைய எக்ஸ்ரே கிடைத்தது, இதோடு அனுப்புகிறேன். ரங்கநாயகி, வயது 35, 2013. இரண்டு விலா. சீட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று எழுதியிருக்கிறது. அதைச் சொன்னது நான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்ன காரணத்துக்காக அடித்தேன் என்று எழுத உட்கார்ந்தால் எனக்கே ஞாபகம் வரவில்லை. அவ்வளவு அற்ப விஷயமாக இருந்திருக்கவேண்டும்.

உன் கை விலாவில் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு அவள் உட்கார்ந்திருந்த மாதிரியே தெரிந்தது. வேறு காரணம் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

டாக்டர் சொன்னதும் மாப்பிள்ளை ஏன் வெளியே போனார் என்று கேட்டு எழுதியிருந்தேனே. அன்றைக்கு எங்கள் டாக்டரும் என்னை வெளியே இருக்கச் சொன்னார். "எம் முன்னாலயே கேளுங்க" என்று நான் நின்றுவிட்டேன். எக்ஸ்ரே அறை வாசல் வரைக்கும் அவளைத் தனியாக விடவில்லை. பயம் இல்லாதவர் வெளியே போய்விட்டார், நகராமல் நின்றவன் நான்.

மாப்பிள்ளையிடம் நான் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்தக் கடிதத்தை ரங்கநாயகி படிக்கட்டும். வரச் சொல்லி அவளைக் கூப்பிடவில்லை. நான் வரலாமா என்று மட்டும் கேட்டுச் சொல்.

சென்னகிருஷ்ணன்

---

கணபதி
12.4.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி இரண்டு முறை படித்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் என்னுடையதையும் வைத்துப் பார்த்தார். என் விரிசல் எங்கே என்று அவருக்குத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருடையது தேட வேண்டியதில்லை.

உங்களோடு வருவாரா மாட்டாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதை மட்டும் எழுதச் சொன்னார்: "ஹாரிகாகிட்ட அவ அப்பனே வாய்தொறந்து சொல்லோணும். பொம்பள அடி வாங்குனா வழுக்கி உழுந்தேன்னு சொல்லோணும்னுதான் நான் அவளுக்குக் கத்துக்குடுத்திருக்கறேன். அதைய மாத்திப்போட்டு அப்பறம் நிச்சயத்தைப் பேசலாம்."

ஹாரிகா பெங்களூரிலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை இங்கே வருகிறாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அன்று காலையில் நீங்களும் வாருங்கள். முன் அறையில் நீங்களும் அவளும் மட்டும் இருங்கள். அண்ணி நஃபீசா வீட்டில் இருப்பார். இவரும் நானும் வெளியே போய்விடுகிறோம்.

புவனா